பேழைக்குள் இருக்கிறது, குறிப்பில் இல்லை: அருங்காட்சியகங்களும் பால்புதுமையினர் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்புதுமையினர் என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இடைப்பால் உடலமைப்போடு பிறந்தவர்கள், இந்த வகை எதிலும் தன்னை அடக்கிக்கொள்ள விரும்பாதவர்கள் எல்லோரையும்தான். சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றையொட்டி 2022-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலுக்குப் பிறகு செய்தித்தாள்களிலும் இந்தச் சொற்கள் பழகிவிட்டன.

அருங்காட்சியகங்களில் இவர்களுடைய வரலாறே இல்லை என்கிறீர்களா?

இல்லை. பெரும்பாலும் பொருள் இருக்கிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பில்தான் விஷயம் இருக்காது.

அமெரிக்காவில் சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பு இருக்கிறது. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-இல் செய்தது. அறை மூலையில் பளபளக்கும் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்க் குவியல், அவ்வளவுதான். பார்க்க வருபவர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். குவியல் குறையக் குறைய நிரப்புவார்கள். அதன் இலட்சிய எடை 175 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 79 கிலோ. ராஸ் லேகாக் என்பவர் கலைஞரின் காதலர். எய்ட்ஸ் நோயில் உடல் கரைந்து 1991-இல் இறந்துபோனார். தலைப்பிலேயே ராஸ் பெயர் இருக்கிறது, குவியலும் அவர் உருவப்படம்தான். ஒவ்வொரு மிட்டாயாகக் குறைகிற உடல் அது. கலைஞரும் 1996-இல் அதே நோயில் இறந்தார்.

2022-இல் அங்கே போன பார்வையாளர்கள், சுவரில் இருந்த குறிப்பில் ராஸும் இல்லை, எய்ட்ஸும் இல்லை என்பதைக் கவனித்தார்கள். சராசரி ஆண் ஒருவரின் எடை என்கிற மாதிரி பொதுவாக எழுதியிருந்தார்கள். சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியதும் குறிப்பு மாற்றப்பட்டது. ராஸைத் தெரியாமல் பார்த்தால் அது வெறும் மிட்டாய். யாரும் எதையும் திருடவில்லை, உடைக்கவில்லை. நாலு வரி மாறியது, ஒரு காதலும் ஒரு கொள்ளைநோயும் அறையை விட்டு வெளியே போய்விட்டன. இந்தப் பக்கத்தில் வரும் மற்றக் கதைகள் பலவும் இதே ரகம்தான்.

அப்படியானால் வேண்டுமென்றே ஒளித்து வைத்தது கிடையாதா?

தாராளமாக உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 'ஆபாசம்' என்று கருதிய பழம்பொருள்களைப் பூட்டி வைக்க 1865-இல் தனியாக ஒரு ரகசியப் பிரிவையே ஏற்படுத்தியது. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் 'ரகசிய அறை' இன்னும் பேர்போனது. பொம்பேயி என்ற பழைய ரோம நகரில் தோண்டி எடுத்த காமச் சித்திரங்களும் சிலைகளும் அங்கே அடைபட்டுக் கிடந்தன. 2000-இல்தான் எல்லோருக்கும் ஒழுங்காகத் திறந்துவிட்டார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றுவது 'வாரன் கிண்ணம்'. ரோமப் பேரரசுக் காலத்து வெள்ளிக் கிண்ணம் இது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறது பிரிட்டிஷ் அருங்காட்சியகம். உயரம் 11 செ.மீ. அளவுதான். இரண்டு பக்கமும் ஆணும் ஆணும் கூடியிருக்கும் காட்சி. ஒரு பக்கத்தில், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று ஒரு அடிமைச் சிறுவன் எட்டிப் பார்க்கிறான். எட்வர்ட் பெர்ரி வாரன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1911-இல் இதை வாங்கினார். அவரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்தான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் கிரேக்க, ரோமப் பொருள்களில் பெரும்பகுதி இவர் கண்ணும் கையும் பட்டு வந்தவை.

வாரன் 1928-இல் இறந்தார். அதன் பிறகு கிண்ணத்தை வாங்க ஆளில்லை. 1953-இல் அமெரிக்கச் சுங்கத்துறை உள்ளே விட மறுத்துப் பிடித்து வைத்தது. 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அதுவும் வேண்டாம் என்றுவிட்டது. அதே அருங்காட்சியகம் 1999-இல் அதே கிண்ணத்தை 18 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. கிண்ணத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. இடையில் 1967-இல், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் இங்கிலாந்தில் தளர்ந்திருந்தது, ஊர் மாறியிருந்தது.

இதிலும் கவனம் தேவை. கிண்ணத்தின் மறுபக்கத்தில் இருப்பவன் ரொம்பவும் சின்னப் பையன். ரோமில் எஜமானின் விருப்பத்துக்கு அடிமை மறுப்புச் சொல்ல வழியில்லை. 'அந்தக் காலத்திலேயே எவ்வளவு சுதந்திரம் பாருங்கள்' என்று இதைக் கொண்டாடினால், அதுவும் பாதி உண்மையை மறைக்கிற குறிப்புதான். கிண்ணமே போலியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட அறிஞர்களும் உண்டு. அருங்காட்சியகம் அதை ஏற்கவில்லை.

'வாழ்நாள் தோழி', 'உற்ற நண்பர்' என்று குறிப்பில் போட்டால் என்ன தப்பு? உண்மையிலேயே நண்பர்களாக இருந்திருக்கலாமே?

இருந்திருக்கலாம். சான்று இல்லாத இடத்தில் அப்படி எழுதுவதுதான் நியாயம். சான்று கையில் இருக்கும்போதும் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் புகார்.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஷிப்டன் மாளிகை இருக்கிறது. 1934 முதல் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம். அங்கே வாழ்ந்த நிலக்கிழார் ஆன் லிஸ்டர் (1791–1840) ஏறக்குறைய 50 லட்சம் சொற்களுக்கு நாட்குறிப்பு எழுதியவர். அதில் ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்து. கிரேக்க எழுத்து, கணிதக் குறி எல்லாவற்றையும் கலந்து அவரே உருவாக்கியது. பெண்களோடு அவருக்கிருந்த காதலும் உடலுறவும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

அந்த வீட்டின் கடைசி வாரிசு ஜான் லிஸ்டரும், அவருடைய நண்பர் ஆர்தர் பரலும் 1890களில் சங்கேதத்தை உடைத்துவிட்டார்கள். படித்ததும் பரல், எரித்துவிடு என்றார். ஜான் எரிக்கவில்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார். அந்த ஒரு முடிவால்தான் இன்று நமக்கு அவை கிடைத்திருக்கின்றன. 1988-இல் ஹெலினா விட்பிரெட் என்ற ஆய்வாளர் சங்கேதப் பகுதிகளை அச்சில் கொண்டுவந்தார். 2011-இல் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் நாட்குறிப்புகள் இடம்பெற்றன.

கணக்குப் பாருங்கள். மாளிகை அருங்காட்சியகமாகத் திறந்ததற்கும் சங்கேதப் பகுதி அச்சுக்கு வந்ததற்கும் இடையில் 54 ஆண்டுகள். அவ்வளவு காலமும் மாளிகைக்கு வந்தவர்கள் கட்டிலையும் மர வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அதே மாளிகையில் லிஸ்டரோடு குடும்பம் நடத்தியவர் ஆன் வாக்கர் என்ற பெண்.

லிஸ்டரைப் புனிதராக்க வேண்டியதும் இல்லை. நிலக்கரிச் சுரங்கம் நடத்தியவர், கடும் பழமைவாதி, தேர்தலில் தன் குத்தகைக்காரர்களைத் தான் சொல்கிற ஆளுக்கு வாக்களிக்க நெருக்கியவர். நல்ல காட்சிக்கூடம் இதையும் சொல்லும்.

பழைய காலத்தில் இந்த அடையாளங்களே கிடையாது. இன்றைய பெயரை அவர்கள் மேல் ஒட்டலாமா?

இது நல்ல கேள்வி. வரலாற்றாசிரியர்களே இன்னும் இதில் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எகிப்தில் சக்காராவில் 1964-இல் ஒரு கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தாம் வம்சத்து அரண்மனையில் நகப் பராமரிப்பாளர்களுக்குத் தலைவர்களாக இருந்த நியான்க்-க்னும், க்னும்-ஹோதெப் என்ற இரண்டு ஆண்களுக்கான கல்லறை அது. சுவர்ச் சிற்பத்தில் மூக்கோடு மூக்கு ஒட்ட, அணைத்தபடி நிற்கிறார்கள். எகிப்தியக் கலையில் கணவன் மனைவியைக் காட்டும் நெருக்கம் அது. ஆனால் இருவருக்கும் மனைவி, பிள்ளைகள் உண்டு. அவர்களும் அதே சுவர்களில் இருக்கிறார்கள். இரட்டைச் சகோதரர்கள் என்பவர்கள் ஒரு பக்கம், காதலர்கள் என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இடத்தில் 'உலகின் முதல் தன்பாலினத் தம்பதி' என்று அடித்துச் சொல்வது அவசரம். 'சகோதரர்கள்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வதும் அதே அளவு அவசரம். சகோதரர்கள் என்பதற்கும் கல்வெட்டில் நேரடிச் சான்று இல்லையே! காதலர்கள் என்பவரிடம் ஆதாரம் கேட்கும் நாம், சகோதரர்கள் என்பவரிடம் கேட்பதில்லை.

பெயர் சூட்டுவதில் எச்சரிக்கை கூடிப்போனாலும் வம்பு வரும். ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் 1834 ஈஸ்டரில் யார்க் நகரத் தேவாலயம் ஒன்றில் ஒன்றாக நற்கருணை பெற்றார்கள். அதையே தங்கள் திருமணமாக வைத்துக்கொண்டார்கள். 2018-இல் அங்கே நினைவுப் பலகை வைத்தபோது, பாலின வரையறைக்குள் அடங்காத தொழில்முனைவோர் என்று லிஸ்டரை வர்ணித்தார்கள். லெஸ்பியன் பெண்கள் கொதித்துப் போனார்கள். பெண்ணைக் காதலித்த பெண் என்று இத்தனை லட்சம் சொற்களில் எழுதி வைத்திருக்கிறார், அதைச் சொல்ல ஏன் நாக்குக் கூசுகிறது என்று கேட்டார்கள். 2019-இல் பலகை மாறியது. புதியதில் 'லெஸ்பியன், நாட்குறிப்பாளர்' என்று இருக்கிறது. லிஸ்டர் காலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டில் அவர் வாழ்க்கைக்குக் கிட்டே இருப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

சான்றுகள் ஏன் இவ்வளவு குறைவு?

முதல் காரணம் வீடு. ஆள் இறந்ததும் கடிதங்கள் அடுப்புக்குப் போகும். பரல் சொன்ன யோசனையைக் கேட்ட குடும்பங்கள் எத்தனையோ, அவற்றின் கதையை நாம் அறிய வழியே இல்லை.

இரண்டாவது காரணம் சட்டம். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமாக இருந்தது. ஆகவே காவல்துறைக் குறிப்பு, நீதிமன்றப் பதிவு, சிறை ஏடு என்று ஆண்களைப் பற்றிய காகிதம் மலைபோல் இருக்கிறது. அப்படித் தண்டிக்கப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு அடைபட்டிருந்த ரெடிங் சிறையின் அறைக் கதவே அருங்காட்சியகப் பொருள் ஆகிவிட்டது. 2017-இல் லண்டன் டேட் பிரிட்டன் நடத்திய கண்காட்சியில் வைல்டின் ஆளுயர ஓவியத்துக்குப் பக்கத்தில் அந்தக் கதவை நிறுத்தியிருந்தார்கள். பெண்களுக்கிடையிலான உறவை அந்த நாட்டுச் சட்டம் குற்றமாக்கியதே இல்லை. 1921-இல் ஒரு முயற்சி நடந்து பிரபுக்கள் சபையில் தோற்றது. இதைப் பேசினாலே பெண்களுக்கு யோசனை வந்துவிடும் என்பது அங்கே எழுந்த வாதங்களில் ஒன்று. விளைவு என்னவென்றால், பெண்கள் சிறைக்குப் போகவில்லை, ஏட்டிலும் இல்லை. இருக்கிற சான்றுகளோ போலீஸ்காரரின் கண்ணால் பார்த்தவை. அதை அப்படியே காட்சிக்கு வைத்தால் ஒரு சமூகத்தின் வரலாறு கைது வரலாறாகத்தான் தெரியும்.

மூன்றாவது, அழிப்பு. மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நூலகம், மருத்துவமனை, ஆலோசனை மையம், பொதுமக்கள் பார்க்கும் காட்சிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில். இன்று திருநங்கைகள், திருநம்பிகள் என்று நாம் அழைப்பவர்களுக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது, வேலையும் கிடைத்தது. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து பெர்லினில் நடந்த புத்தக எரிப்பில் அதன் நூலகம் எரிந்தது. புத்தக எரிப்பின் கறுப்பு வெள்ளைப் படங்கள் உலகம் முழுக்கப் பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. எரிந்துகொண்டிருப்பது யாருடைய புத்தகங்கள் என்று சொல்லும் படக்குறிப்பை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

ஹிர்ஷ்ஃபெல்ட் அப்போது வெளிநாட்டில் இருந்தார். 1935-இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார். மிஞ்சிய காகிதங்களில் ஒரு பகுதி அவருடைய சீடரும் துணைவருமான லி ஷியூ டோங் கையில் இருந்தது. லி 1993-இல் கனடாவின் வான்கூவரில் இறந்தபோது அவர் பெட்டிகள் குப்பைக்குப் போயின. அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவர் எடுத்துப் பத்திரப்படுத்தினார். பல ஆண்டுகள் கழித்து பெர்லினில் உள்ள ஹிர்ஷ்ஃபெல்ட் கழகத்தினர் இணையத்தின் மூலம் அவரைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே, இறந்தபின் ஹிர்ஷ்ஃபெல்டின் முகத்திலிருந்து அச்சாக எடுத்த முகமூடிகூட இருந்தது.

நாஜி வதைமுகாம் நினைவிடங்களில் இவர்களும் இடம்பெறுகிறார்களா?

இன்று ஆம். அதற்கு ஆன காலம்தான் கேவலம்.

ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவின் கீழ் நாஜி ஆட்சியில் ஏறக்குறைய 50,000 ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்குப் போனார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. உடையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்திருக்கும். போர் முடிந்து முகாம்கள் திறந்தபோதும் அந்தச் சட்டம் முடியவில்லை. நாஜிகள் 1935-இல் கடுமையாக்கிய வடிவத்திலேயே மேற்கு ஜெர்மனியில் 1969 வரை இருந்தது. முழுதாக நீங்கியது 1994-இல். முகாமிலிருந்து உயிரோடு வந்தவர், நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னால் அதுவே குற்ற ஒப்புதல் ஆகிவிடும். பிறகு எப்படி அவர் அருங்காட்சியகத்துக்குச் சாட்சி சொல்ல வருவார்?

டாக்காவ் முகாம் நினைவிடத்தில் 1968-இல் வைத்த சிற்பத்தில் கைதிகள் அணிந்த வண்ண முக்கோணங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அதில் இளஞ்சிவப்பு இல்லை. கறுப்பும் பச்சையும்கூட இல்லை. அதாவது 'சமூக விரோதிகள்', 'குற்றவாளிகள்' என்று நாஜிகள் முத்திரை குத்தியவர்களையும் விட்டுவிட்டார்கள். நாஜிகள் போட்ட தரவரிசையை நினைவிடமும் ஓரளவு அப்படியே வைத்துக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது. 1985-இல் மியூனிக் நகரத் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகள் இளஞ்சிவப்புக் கல் ஒன்றைச் செய்துகொண்டு வந்தன. 'அடித்துக் கொல்லப்பட்டார்கள், பேசாமலேயே மறைக்கப்பட்டார்கள்' என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. நினைவிடத்துக்குள் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. அந்த வளாகத்திலுள்ள சீர்திருத்தத் திருச்சபை ஆலயம்தான் பல ஆண்டுகள் அந்தக் கல்லுக்கு இடம் கொடுத்தது. 1995-இல்தான் கல் நினைவிட அறைக்குள் போனது.

இறந்தவரின் அந்தரங்கத்தை அருங்காட்சியகம் வெளியே சொல்வது சரியா?

ஃபெல்பிரிக் மாளிகை விவகாரத்தை வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள இந்த மாளிகையை, அதன் கடைசி உரிமையாளர் ராபர்ட் விண்டம் கெட்டன்-கிரீமர் 1969-இல் இறக்கும்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய அமைப்புக்கு விட்டுச்சென்றார். மணமாகாதவர், வரலாற்றாசிரியர். 2017-இல், தன்பாலீர்ப்பு குற்றம் என்ற சட்டம் தளர்ந்த ஐம்பதாம் ஆண்டையொட்டி, அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று சொல்லும் குறும்படத்தை டிரஸ்ட் வெளியிட்டது. உறவினர் சிலருக்கும் அங்கே வேலை செய்த தன்னார்வலர்கள் பலருக்கும் கோபம். போதாக்குறைக்கு, பால்புதுமையினரின் அடையாளமான வானவில் நிறக் கழுத்துப்பட்டையை அணிய மறுத்த தன்னார்வலர்கள் பார்வையாளர் கண்ணில் படாத வேலைக்குப் போகட்டும் என்று டிரஸ்ட் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது.

என் கருத்து இது. ஒருவர் திருமணம் செய்திருந்தால் மனைவி பெயரை எழுதுவதற்கு எந்த அருங்காட்சியகமும் அந்தரங்கம் பார்த்துத் தயங்குவதில்லை. எனவே 'அந்தரங்கம்' என்ற வாதம் ஒரு பக்கத்துக்கு மட்டும் வருவது நியாயமில்லை. ஆனால் ஃபெல்பிரிக்கில் டிரஸ்ட் சொன்ன விதம் மோசம். என்ன சான்று, எவ்வளவு உறுதி என்பதைவிடக் கொண்டாட்டம் பெரிதாகிவிட்டது. பணியாளர் கழுத்தில் பட்டை மாட்டச் சொல்வதற்கும் வரலாறு சொல்வதற்கும் என்ன சம்பந்தம்?

அரசியல் அழுத்தம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது?

நிறைய. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய உருவப்படக் கூடம் 2010 அக்டோபரில் அமெரிக்க உருவப்படங்களில் தன்பாலீர்ப்பு பற்றிப் பெரிய கண்காட்சி திறந்தது. அந்த நாட்டின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. எய்ட்ஸ் நோயில் 1992-இல் இறந்த டேவிட் வோய்னரோவிச் எடுத்த காணொளியில், சிலுவை மேல் எறும்புகள் ஊரும் காட்சி சில வினாடி வரும். ஒரு கத்தோலிக்க அமைப்பும் நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் எதிர்த்தார்கள். நவம்பர் 30 அன்று காணொளியை எடுத்துவிட்டார்கள். ஸ்மித்சோனியன் அரசுப் பணத்தில் ஓடுகிற நிறுவனம், அந்தப் பயம்தான். பிறகு ஆண்டி வார்ஹால் அறக்கட்டளை, காணொளியைத் திருப்பி வைக்காவிட்டால் இனி நிதி கிடையாது என்றது. அப்படியும் திருப்பி வைக்கவில்லை.

பிரிட்டனில் 1988-இல் வந்த '28-ஆம் பிரிவு', உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க' கூடாது என்றது. ஊர் அருங்காட்சியகங்களும் நூலகங்களும் உள்ளாட்சிப் பணத்தில் நடப்பவை. எதற்கு வம்பு என்று அவை ஒதுங்கிக்கொள்ள இது போதும். ஸ்காட்லாந்தில் 2000 வரையும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரையும் அது நீடித்தது.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் ஸ்டோன்வால் மதுவிடுதியில் 1969-இல் போலீஸ் சோதனைக்கு எதிராக நடந்த பால்புதுமையினர் எழுச்சியின் நினைவாக அந்த இடம் 2016-இல் தேசிய நினைவுச் சின்னமானது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, அதன் இணையப் பக்கத்திலிருந்து திருநர்களைக் குறிக்கும் சொற்களை நீக்கியது. எழுச்சியோடும் அதன் பின் வந்த இயக்கத்தோடும் சேர்த்துச் சொல்லப்படும் முதல் பெயர்களே மார்ஷா பி. ஜான்சன், சில்வியா ரிவேரா என்ற இரு திருநர்களுடையவை!

தனி அருங்காட்சியகம் தேவையா? பொது அருங்காட்சியகத்திலேயே சேர்த்தால் போதாதா?

இரண்டும் வேண்டும் என்பதுதான் நடைமுறை காட்டுவது. 1984-இல் பெர்லின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கூடக் கண்காணிப்பாளர்களாக வேலை பார்த்த மாணவர்கள் சிலர் நிர்வாகத்திடம் பேசி, அந்த நகரத்தின் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், பெண்கள் பற்றி ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அது நன்றாக ஓடியது. மறு ஆண்டே ஷ்வூலஸ் மியூசியம் என்ற தனி அருங்காட்சியகம் பிறந்தது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன இல்லை என்பதைத் தினமும் பார்த்தவர்கள் தொடங்கியது அது.

சான்பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் 2011-இல் ஒன்று திறந்தது. கில்பர்ட் பேக்கர் 1978-இல் உருவாக்கிய முதல் வானவில் கொடியின் ஒரு துண்டு அங்கே இருக்கிறது. லண்டனில் 'குவீர் பிரிட்டன்' 2022-இல் வந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. சிட்னியில் 2024-இல் 'க்யூடோப்பியா' திறந்த இடம், 1978-இல் பால்புதுமையினரின் முதல் மார்டி கிரா ஊர்வலத்தில் கைதானவர்களைக் கொண்டுபோய் அடைத்த பழைய டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையம். இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைக்காது.

தனி இடத்தின் குறை, தெரிந்தவர்களே வருவார்கள் என்பது. பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாப் பேருந்தும் போவது பெரிய பொது அருங்காட்சியகத்துக்குத்தான்.

இந்தியாவில் நிலைமை என்ன?

நான் போன அரசு அருங்காட்சியகங்கள் எதிலும் இதற்கென்று ஒரு கூடம் பார்த்ததில்லை. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியில் 'கம்ரா' என்ற ஆவணக்காப்பகம் இருக்கிறது. தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு வழக்கு தொடர்பான காகிதங்கள், காணொளிகள், இயக்க ஆவணங்களைச் சேர்த்து வருகிறார்கள். அதைத் தளர்த்திய 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நோக்கி நடந்த நீண்ட பாதையை நாளை யாராவது காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

நம் ஓவியர் ஒருவரின் படம் லண்டனில் இருக்கிறது. பரோடாவைச் சேர்ந்த பூபேன் கக்கர் (1934–2003) கணக்குத் தணிக்கையாளர், அலுவலகம் போய்க்கொண்டே வரைந்தவர். 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது' என்ற பொருள்படும் தலைப்பில் 1981-இல் ஒரு படம் வரைந்தார். நிர்வாணமாக ஒரு ஆண் மாடியில் நின்று கீழே பார்க்கிறான். கீழே நடப்பது நமக்கெல்லாம் தெரிந்த அப்பா, மகன், கழுதை கதை. ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கழுதையைப் பறிகொடுத்த கதை. தன் தன்பாலீர்ப்பை மறைக்காமல் வரையத் தொடங்கிய காலத்தின் படம் இது. டேட் அருங்காட்சியகம் 1996-இல் வாங்கியது, 2016-இல் டேட் மாடர்னில் அவருக்குப் பெரிய கண்காட்சியும் நடந்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் திருநங்கைச் சமூகத்தினரான ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பெண் உடையில் பொது இடத்தில் ஆடினால் தண்டனை. அந்தப் பதிவுகள் ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நாம் நன்றாக அறிவோம், பெருங்காமநல்லூரை மறக்கவில்லை. அதே சட்டத்தில் இப்படி ஒரு பகுதி இருந்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

அர்த்தநாரீஸ்வரர் சிலை போதாதா? எழும்பூரிலேயே இருக்கிறதே?

திருவெண்காட்டிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனி அபாரமான அழகு. ஒரு பக்கம் ஆண் தோள், மறுபக்கம் பெண் இடை, கோடு எங்கே என்று கண் தேடும். ஆனால் அது சைவத் தத்துவம். சோழ நாட்டில் ஒரு திருநங்கை எப்படி வாழ்ந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார், என்ன தொழில் செய்தார் என்று சிலை சொல்லாது. 'நம் மரபில் எல்லாம் இருந்தது' என்று சிலையைக் காட்டிவிட்டு, கூவாகத்துக்கு ஆண்டுதோறும் வந்துபோகும் மூத்த திருநங்கைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்யாமல் விடுவது எந்த வகையில் மரியாதை?

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். வாரன் கிண்ணம் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, பெரும்பாலும் கடிதம், உடை, புகைப்படம், கொடிதான். அரசனும் அரசியும் கட்டிப்பிடித்து நிற்கும் சிலையைப் பற்றி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பால்புதுமையினர் பெருமித மாதமான ஜூனில் மட்டும் வானவில் கொடி ஏற்றுகிறார்களே, அதனால் பலன் உண்டா?

கொடி ஏறினால் நல்லது. ஜூலையில் போய் அதே குறிப்புகளைப் படித்துப் பாருங்கள், பலன் தெரிந்துவிடும்.

பார்வையாளராக நான் என்ன செய்ய முடியும்?

குறிப்பைச் சந்தேகத்தோடு படியுங்கள். 'திருமணம் செய்துகொள்ளவில்லை' என்று ஒரு வரி வந்தால், அவர் யாரோடு வாழ்ந்தார் என்று கேளுங்கள். பெரிய அருங்காட்சியகங்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. இன்றைய சொல்லைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது, பட்டியல் எழுதியவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார். ஆளின் பெயர், ஊர், ஆண்டு போட்டுத் தேடுங்கள். தவறு கண்டால் காப்பாட்சியருக்கு எழுதுங்கள். சிகாகோ மிட்டாய்க் குவியலின் குறிப்பு பார்வையாளர்கள் கேட்டதால்தான் மாறியது.

எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரின் பழைய கடிதங்கள் இருக்கின்றன. விஷயம் இப்படி என்று தெரிகிறது. என்ன செய்வது?

எரிக்காதீர்கள். உடனே யாருக்கும் கொடுக்க வேண்டிய அவசரமும் இல்லை. ரப்பர் பேண்டு, செலோ டேப், துருப்பிடிக்கும் குண்டூசி ஆகியவற்றை எடுத்துவிட்டு, ஈரமும் கரையானும் எட்டாத இடத்தில் அட்டைப்பெட்டியில் வையுங்கள். கடித உறைகளையும் சேர்த்து வையுங்கள், அஞ்சல் முத்திரையில்தான் தேதி இருக்கும். புகைப்படத்தின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் மெல்ல எழுதுங்கள். கடிதம் எழுதிய மற்றவர் உயிரோடு இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். ஆவணக்காப்பகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தால், இன்ன ஆண்டு வரை யாரும் பார்க்கக் கூடாது, பெயரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போடலாம். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.